பலகையில் எழுதாத கட்டணம்

அறை பார்க்க வருகிறவர் முதலில் கட்டிலைத்தான் பார்ப்பார் என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லை. நேராகக் குளியலறைக்குப் போய்க் கதவைத் திறந்து மூக்கை நீட்டுவார். அங்கே நாற்றம் இல்லையென்றால், மெத்தையில் கம்பி குத்தினாலும் பொறுத்துக்கொள்வார். லாட்ஜ் தொழிலில் இது முதல் பாடம். நான் மேனேஜராக இருந்தவரை எங்கள் குளியலறைகளைப் பற்றி ஒரு புகார் வந்ததில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், என் வாக்குமூலம் என்று நீங்கள் தட்டச்சு செய்து வைத்திருக்கும் தாளில் ‘மேலாளரின் கவனக்குறைவால்’ என்று ஒரு வரி இருக்கிறது. அதை அடித்துவிடுங்கள், ஐயா. முதலாளி அனுப்பிய வக்கீல் அந்த வரியை வாங்குவதற்காக இரண்டு நாளாக உங்கள் ஸ்டேஷன் வாசலில் தவம் கிடக்கிறார். சுவிட்ச் தானாக விழுந்தது, மேனேஜர் கவனிக்கவில்லை என்று நான் சொல்லிவிட்டால் லேசில் முடிந்துவிடுமாம். என்னை எப்படி வேண்டுமானாலும் திட்டுங்கள். கவனமில்லாதவன் என்று மட்டும் சொல்லாதீர்கள். அதைக் கேட்டால் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன். எங்கள் லாட்ஜ் பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கிறது. ஊர் சுற்ற வருகிறவர் யாரும் எங்களிடம் தங்குவதில்லை. உள்ளே யாரையோ படுக்க வைத்துவிட்டு, கையில் எக்ஸ்ரே உறையோடு சாலையைக் கடந்து வருகிறவர்கள்தான் எங்கள் வாடிக்கை. அவர்கள் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி “ரூம் எவ்வளவு?” என்பதுதான். அதற்கு நான் உண்மையான பதிலைச் சொல்லிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. வரி, வெந்நீர், துண்டு, லிப்ட் என்று எல்லாவற்றையும் சேர்த்து ஒரே விலையாக வாசலில் எழுதி வைத்தேன். யாரும் சொல்லி அல்ல. எனக்கே அது நியாயமாகப் பட்டது.

பக்கத்து லாட்ஜ்காரரை எல்லோரும் ‘பாதி விலை’ என்று கூப்பிடுவார்கள். அவர் பலகையில் என் விலையில் பாதிதான் இருக்கும். மீதியையும் அதற்கு மேலும் அறையைக் காலி செய்யும்போது கறந்துவிடுவார். தலையணைக்கு ஒன்று, போர்வைக்கு ஒன்று, ஜன்னல் இருந்தால் அதற்கு ஒன்று. ஜன்னலைத் திறந்தால் ஆஸ்பத்திரியின் குப்பைத்தொட்டிதான் தெரியும் என்பது வேறு விஷயம். சனங்கள் என் பலகையைப் பார்ப்பார்கள், அவர் பலகையைப் பார்ப்பார்கள், அங்கே போய்விடுவார்கள். நான் வாசலில் நின்று ஈ ஓட்டினேன். காலி செய்து போகும்போது என் விலையைவிட அதிகமாகக் கொடுத்து அழுதுவிட்டு, என் வாசல் வழியாகவே புலம்பிக்கொண்டு போவார்கள். அவர்களில் ஒருவர்கூட என் பக்கம் திரும்பி, நீங்கள் சொன்னதுதான் சரி என்று சொன்னதில்லை.

“உன் நேர்மையக் கொண்டுபோய் கரண்ட் ஆபீஸ்ல கொடு. பில்லுக்கு வரவு வச்சுக்குவாங்களான்னு கேளு” என்றார் முதலாளி. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கே பலகையை மாற்றினேன்.

பிறகு ‘பாதி விலை’யே என்னிடம் பாடம் கேட்கிற அளவுக்குத் தேறிவிட்டேன். இதில் ஒரு கலை இருக்கிறது. ஆள் களைத்திருக்கும் நேரத்தில் கேட்க வேண்டும். சின்னச் சின்னதாகக் கேட்க வேண்டும். குரலை உயர்த்தவே கூடாது. ஆஸ்பத்திரி வண்டி வாசலில் நிற்கும்போது யாரும் துண்டுக்காகச் சண்டை போட மாட்டார்கள். அப்படியும் தகராறு செய்கிறவர்களுக்கு மின்பெட்டி இருந்தது. என் கவுண்டருக்குப் பின்னால், சாவி மாட்டும் ஆணிகளுக்குக் கீழே அது இருக்கிறது. ஒவ்வொரு அறைக்கும் ஒரு சுவிட்ச். கணக்கு முடிக்காமல் அறையில் உட்கார்ந்துகொண்டு முறுக்குகிறவரின் சுவிட்சைக் கீழே தள்ளிவிட்டால் போதும். ஃபேன் நிற்கும், விளக்கு போகும், போனுக்குச் சார்ஜ் ஏறாது. கொஞ்ச நேரத்தில் ஆள் வேர்த்து விறுவிறுத்து இறங்கி வந்துவிடுவார். கத்துவார், கட்டுவார். நான் லைனைப் போட்டுவிடுவேன். கை நீட்டியதில்லை, கெட்ட வார்த்தை பேசியதில்லை. இதைவிட மரியாதையாக வசூல் செய்ய முடியுமா?

அப்புறம்தான் அந்தச் சட்டம் வந்தது. தங்கும் விடுதிகள் எல்லாக் கட்டணத்தையும் சேர்த்து ஒரே விலையாக முன்கூட்டியே சொல்ல வேண்டும். பலகையிலும் அதுதான், போனிலும் அதுதான். பிறகு ஒரு காசு கூட்டிக் கேட்டால் அபராதம். அதை அச்சடித்துக் கவுண்டருக்கு மேலேயே ஒட்டச் சொல்லிவிட்டார்கள். பசை தடவி ஒட்டியவன் நான்தான்.

நியாயமாகப் பார்த்தால் எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். நான் தனியாகச் செய்து மண்ணைக் கவ்விய காரியத்தை இப்போது ஊரே செய்ய வேண்டும் என்கிறார்கள். ஆனால் ஒட்டி முடித்துவிட்டு அதைப் படித்தபோது எனக்கு வந்தது கோபம். அப்படி ஒரு கோபம் அதற்கு முன் எனக்கு வந்ததில்லை. நான் ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோது இந்தச் சட்டம் எங்கே போயிருந்தது? முதலாளி என்னை நாலு பேர் முன்னால் கிண்டல் செய்தபோது இந்த அதிகாரிகள் எந்த நாற்காலியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்? என்னை இப்படி ஆக்கியவர்கள் அந்தச் சனங்கள். ஆன பிறகு இந்த அதிகாரிகள் வந்து, இப்படி இருக்காதே என்கிறார்கள்.

முதலாளி கவலைப்படவில்லை. “எழுதினாத்தானே மாட்டுவோம்? வாயால கேளு” என்றார். கேட்டேன்.

டீச்சர் போனில்தான் அறை கேட்டார். பள்ளிக்கூடத்து டீச்சர், குரலிலேயே தெரிந்தது. அண்ணனை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்களாம், மறுபடி டாக்டர் பார்க்கும்வரை பக்கத்திலேயே இருக்க வேண்டுமாம். விலையைச் சொன்னேன்.

“இதுக்கு மேல வேற எதுவும் இல்லையே சார்?”

“ஒண்ணும் இல்லம்மா. தாராளமா வாங்க.”

வந்தார்கள். அண்ணனும் தங்கையும் மட்டும்தான். அண்ணனுக்கு நுரையீரல் சரியில்லை. பேச மாட்டார், சிரிப்பார். தங்கை துண்டை மடித்துக் கொடுத்தால் சிரிப்பார், நான் வணக்கம் சொன்னாலும் சிரிப்பார். மாடியில் கடைசி அறையைக் கொடுத்தேன். சத்தம் இல்லாத அறை அது.

டாக்டர் பார்த்து முடித்த மறுநாள் காலையில் டீச்சர் கணக்கு முடிக்க இறங்கி வந்தார். மத்தியானம் கிளம்புவதாகத் திட்டம். பலகையில் உள்ளதைச் சொல்லிவிட்டு, கூடுதலாக வரவேண்டியதையும் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. தலையை நிமிர்த்தி நான் ஒட்டியிருந்த தாளைப் பார்த்து, பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிற மாதிரி ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படித்தார். வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

“இதுல சொல்லியிருக்கிறதுக்கும் நீங்க கேக்கிறதுக்கும் சம்பந்தமே இல்லையே சார்.”

“அது அறை வாடகைக்கும்மா. இது நீங்க உபயோகிச்சதுக்கு.”

“போன்ல நான் கேட்டேனே. ஒண்ணும் இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க?”

கைப்பையோடு உட்கார்ந்திருந்த ஒரு வியாபாரி எழுந்து வந்தார். “அப்ப போன வாரம் என் சம்சாரத்துகிட்ட வாங்கினது?” என்று கேட்டார். இன்னொருவர் செல்போனை எடுத்துத் தாளைப் படம் பிடித்தார். யாரோ, “சபாஷ் டீச்சர், விடாதீங்க” என்றார். அந்தச் சபாஷ்தான், ஐயா, என் நெஞ்சில் குத்தியது. நான் அதே வாசலில் அதே நியாயத்தை எழுதி வைத்தபோது இவர்கள்தானே என்னைத் தாண்டிப் பக்கத்து லாட்ஜுக்குப் போனார்கள்? எனக்கு ஒருவர் சபாஷ் போட்டாரா? காது சுட்டது. ஆனாலும் என் குரல் ஏறவில்லை. அதை அங்கிருந்த எல்லோரும் சொல்வார்கள்.

நுகர்வோர் அலுவலகம் அடுத்த தெருவில்தான் இருக்கிறது. போய் அதிகாரியைக் கையோடு அழைத்து வருகிறேன் என்று டீச்சர் கிளம்பினார். நான் அவரை நிறுத்தினேன்.

“கணக்கு முடிக்காம வெளிய போனா ரூமுக்கு லைன் கட் பண்ணுவோம்மா. இங்க வழக்கம் அது. அப்புறம் சொல்லலன்னு சொல்லக் கூடாது.”

அவர் என்னைப் பார்த்தார். பயமே இல்லை. “அண்ணன் உள்ள இருக்கார் சார். மனுஷன் இருக்கிற ரூமுல யாராவது அப்படிச் செய்வாங்களா?” என்று சொல்லிவிட்டு வாசல் படியிறங்கிப் போனார்.

அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சுவிட்சைக் கீழே தள்ளினேன். அது தானாக விழவில்லை. அப்படி விழுகிற சுவிட்சை நான் அங்கே வைத்திருக்க மாட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அந்த அறையிலிருந்து இன்டர்காம் வந்தது. அது தனி லைன், லாட்ஜே இருட்டானாலும் வேலை செய்யும். என் மேஜையில் அந்த அறைக்கான சிவப்பு விளக்கு மின்னியது. நான் எடுக்கவில்லை. போனில் பேசினால் இளகிவிடுவோம், நேரில் இறங்கி வரட்டும் என்பது எங்கள் வழக்கம். மின்னியது, நின்றது, மறுபடி மின்னியது. பெருக்குகிற அக்கா மாடியிலிருந்து ஓடி வந்தார். “கடைசி ரூம்ல என்னமோ கீ கீன்னு கத்துது சார், வெளிய பூட்டியிருக்கு, மாத்துச் சாவி குடுங்க” என்றார். கீழே ஈரம் காயவில்லை, அதை முதலில் துடையுங்கள் என்று அனுப்பினேன். அக்கா பாவம், சொன்னதைச் செய்தார். அவரை விசாரணை என்று அலைக்கழிக்காதீர்கள்.

அதற்குப் பிறகு விளக்கு மின்னவில்லை.

டீச்சர் அதிகாரியோடு வந்தார். அதிகாரி தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கூடுதல் கட்டணம் செல்லாது என்றார். அபராதத்துக்கு எழுதினார், மெதுவாக, அழகான கையெழுத்தில். வியாபாரி கை தட்டினார். டீச்சர் பலகையில் உள்ள வாடகையை என்னிடம் கொடுத்தார். நான் ரசீது போட்டேன், கிழித்தேன், கொடுத்தேன். கணக்கு முடிந்தது. சுவிட்சை மேலே தூக்கிவிட்டேன். எந்த அறைக்கும் நான் செய்வது அதுதான். டீச்சர் எனக்கு நன்றி சொல்லிவிட்டு, ரசீதை ஆட்டிக்கொண்டே மாடிக்குப் போனார். அண்ணனிடம் காட்டத்தான் போனார் என்று நினைக்கிறேன். அவர் கதவைத் திறந்தபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது, ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு அந்த அலறல் கேட்டது. அதை நீங்கள் கேட்டிருக்க வேண்டாம்.

இப்போது வக்கீல் சொல்லிக் கொடுக்கிறார்: அந்த அறையில் மூச்சு மெஷின் இருந்ததே உனக்குத் தெரியாது, அந்த ஆளால் நடக்க முடியாது என்பதும் தெரியாது என்று சொல். கேட்கவே கேவலமாக இருக்கிறது. டீச்சர் என்னோடு எதற்காகச் சண்டை போட்டார் என்று நீங்கள் யாரும் கேட்கவில்லையே? துண்டுக்கும் தலையணைக்கும் என்று நீங்களாகவே எழுதிக்கொண்டீர்கள். நான் கேட்ட கூடுதல் கட்டணம் இரண்டுதான். ஒன்று, அண்ணனை அறைக்கு ஏற்றிக்கொண்டு போன சக்கர நாற்காலிக்கு. இன்னொன்று, இரவும் பகலும் ஓடிய ஆக்சிஜன் மெஷின் இழுத்த கரண்டுக்கு. மெஷினை நானே போய்ப் பார்த்து, எவ்வளவு இழுக்கும் என்று விசாரித்துத்தான் கேட்டேன். குத்துமதிப்பாகக் கேட்கிறவன் இல்லை நான். கரண்ட் போனால் வைத்துக்கொள்ள ஒரு சின்ன சிலிண்டர் வைத்திருந்தார்கள். அதில் ஆக்சிஜனை நிரப்பி, டீச்சர் அதிகாரியைத் தேடிப் போயிருந்த நேரத்தில் கடைக்காரர் கொண்டுவந்து கொடுத்தார். அதையும் நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கிக் கவுண்டருக்கு அடியில், என் காலருகே, பத்திரமாக வைத்தேன். பொருள் பாதுகாப்புக்குக்கூட நான் எதுவும் கேட்கவில்லை.

ஆகவே எல்லாம் எனக்குத் தெரியும். எழுதிக்கொள்ளுங்கள். அந்த அண்ணனால் இறங்கி வர முடியாது என்று தெரிந்தும், இறங்கி வரட்டும் என்று காத்திருந்தேன். நான்தான் கொன்றேன். அதில் கவனக்குறைவு எங்கேயும் இல்லை.

ஒன்றை மட்டும் மறக்காமல் சேர்த்துவிடுங்கள். இந்தச் சட்டம் என்ன கேட்கிறது? கொடுக்கப்போகும் விலை என்ன என்பதை ஒளிக்காமல் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதானே? டீச்சர் படியிறங்கும் முன்பே நான் சொல்லிவிட்டேன். அவர்தான் நம்பவில்லை.