மன்னிப்புக் கேட்காத கட்டுரை

அவள்: மெதுவா போங்க! ஜெயில்லேருந்து வந்து மூணு நாள்கூட ஆகல. ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடாதீங்க.

அவன்: இதுக்கு மேல மெதுவாப் போனா இறங்கித் தள்ளணும். பாரு, ரோடு பூரா ஜனம்! எல்லாம் உன் பேச்சைக் கேக்கத்தான்.

அவள்: என் பேச்சை இல்ல. தேர்தல் வருதுன்னு அறிவிச்சிட்டாங்கள்ல, அந்த சந்தோஷம்.

அவன்: அந்தத் தேர்தல் வேணும்னு எழுதினது யாரு? எழுதிட்டு உள்ள போனது யாரு? என் பொண்டாட்டி!

அவள்: ஐயோ, கைதட்டாதீங்க! ஸ்டியரிங்கைப் பிடிங்க!

அவன்: ஸ்கூல் வேன் ஓட்டுறவன்கிட்டயே ஸ்டியரிங் பாடமா...

அவள்: சீட்டுக்கடியில ஒரு குட்டி ஷூ கிடக்கு.

அவன்: தினம் ஏதாவது ஒண்ணு கிடக்கும். அதை விடு... யாரோ கண்ணாடியைத் தட்டுறாங்க பாரு.

நர்ஸ்: அக்கா! நீங்கதானே? நீங்கதானேக்கா? நான் பெரியாஸ்பத்திரியில நர்ஸ். ஒரே ஒரு நிமிஷம்!

அவள்: சொல்லும்மா.

நர்ஸ்: நீங்க மனசு மாறி மன்னிப்புக் கேட்டுட்டீங்கன்னு அப்ப டிவியில சொன்னாங்கள்ல... எங்க வார்டே இடிஞ்சு போச்சுக்கா. அப்புறம் ஜெயில்லேருந்து உங்க கட்டுரை வந்துச்சு பாருங்க... அப்பாடா! நோயாளிங்களுக்கு மருந்தோட சேர்த்து அதையும் குடுத்தோம்!

அவன்: ஹா ஹா! மருந்தோடயா?

நர்ஸ்: “எங்க வீட்டுல நான் வாயை மூடினா சம்மதம்னு அர்த்தமில்ல, சண்டைன்னு அர்த்தம். நாடும் அப்படித்தான்”... எப்படிக்கா இப்படி எழுதினீங்க? மேடையில அதைத்தான் படிக்கணும். உங்க மத்த புஸ்தகமெல்லாம்... கோவிச்சுக்காதீங்க, கொஞ்சம் தலைவலி.

அவள்: ...சரிம்மா. கூட்டத்துல பாத்துப் போ.

அவன்: நல்ல பொண்ணு!

அவள்: தலைவலியாமே!

அவன்: சின்னப் பொண்ணு, ஏதோ சொல்லிடுச்சு...

அவள்: கண்ணு கெட எழுதினது அத்தனை புஸ்தகம். ஊருக்குப் பிடிச்சது அந்த ரெண்டு பக்கம்! ...ஆமா, அது எப்படிங்க வெளிய வந்துச்சு?

அவன்: அது... யாரோ ஒரு காவலர்... நல்ல மனுஷன்...

அவள்: குடுத்தனுப்பினதா எனக்கே ஞாபகம் இல்லையே.

அவன்: உள்ள பட்ட பாட்டுல மறந்திருப்பே. அதோ மேடை! எப்பா... என்னா கூட்டம்! மாடியெல்லாம் ஆளுங்க! நீ இறங்கு, நான் வண்டியை ஓரங்கட்டுறேன்.

அவள்: நீங்களும் மேடைக்கு வாங்க.

அவன்: நான் எதுக்கு?

அவள்: எழுதினவர்தானே படிக்கணும்?

அவன்: ...

அவள்: என்ன, இப்ப நீங்க வாயை மூடிட்டீங்க? இது சண்டையா, சம்மதமா?

அவன்: உனக்கு... எப்பத்திலேருந்து தெரியும்?

அவள்: விசாரணை அதிகாரி அதைத் தூக்கி என் முன்னாடி போட்ட அன்னிக்கே. படிச்சதும் சிரிப்பு வந்துடுச்சு. நம்ம வீட்டுச் சண்டையைப் பத்தி நம்ம ரெண்டு பேரைத் தவிர யாருக்குங்க தெரியும்?

அவன்: நீ மன்னிப்புக் கேட்டிருக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும். ஊருக்கு யார் சொல்றது? எனக்கு எழுதவா வரும்? நீ என்னைத் திட்டுறதை நெனச்சு நெனச்சு, அப்படியே எழுதிட்டேன்.

அவள்: நான் இவ்வளவு அழகாவா திட்டுறேன்!

அவன்: இரு... இரு. அப்ப, வெளிய வர்ற நேரத்துல இன்னொரு வருஷம் சேர்த்துப் போட்டாங்களே... வார்டனோட வாய்ச்சண்டைன்னு சொன்னியே...

அவள்: அது பழைய கதை. கதவைத் திறங்க.

அவன்: இந்தக் கட்டுரைக்காகவா? “இதை நான் எழுதல”ன்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடி!

அவள்: சொல்லியிருந்தா உங்களைத் தேடி வந்திருப்பாங்க. அதான், ஒவ்வொரு எழுத்தும் என்னுதுதான்னு சாதிச்சிட்டேன்... அழாதீங்க, மேடையில கூப்பிடுறாங்க!