பாறைச் சிப்பியும் வெள்ளிக்கிழமையும்

கறுப்புச் சிப்பியில் பூண்டைக் கொட்டிக் கெடுப்பவர்களை எனக்குப் பிடிக்காது, இன்ஸ்பெக்டர். கொஞ்சம் வெண்ணெய் போதும். எங்கள் பாராவிங் குடாவில் பிறந்தவர்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் ஊர் மெர்வும் அப்படித்தான் சமைப்பார். அவர் சாவுக்கு நான் காரணம் என்கிறீர்கள். சொல்கிறேன், கேளுங்கள்.

நகரசபை இணையதளம் என் பொறுப்பு. புதுப் பக்கத்தை ஏற்றினால் மட்டும் போதாது. தேடல் அட்டவணையிலும் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் பக்கம் இருக்கும், தேடுகிறவர் கண்ணில் படாது. பழைய பக்கம்தான் வந்து நிற்கும்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் சுகாதாரப் பிரிவின் அறிவிப்பு வந்தது. பாறைச் சிப்பியில் நஞ்சு ஏறியிருக்கிறது, வேகவைத்தாலும் போகாது, யாரும் பறிக்க வேண்டாம் என்று. மறுநாள் சிப்பித் திருவிழா. குழுத் தலைவி நான். விழாச் சிப்பி வெளியூர்ப் பண்ணையிலிருந்து வருவது, அதில் குறையில்லை. ஆனால் நஞ்சு என்ற சொல்லைப் பார்த்தபின் ஒரு கார் இந்தப் பக்கம் திரும்புமா? அந்த ஒரு நாளை நம்பித்தான் ஊரே மூச்சுவிடுகிறது.

சட்டப்படி பக்கத்தை ஏற்றினேன். அட்டவணையில் சேர்க்கவில்லை.

பக்கத்து மேசை கீரன் கேட்டான். "சேத்துட்டியா, நோரெல்?"

"வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல எதுலயும் கை வைக்காதேன்னு நீதானே உயிரை எடுப்பே. திங்கக்கிழமை பாத்துக்கலாம்."

"அதுவும் சரிதான். உடைஞ்சா லீவு நாள்ல எவன் வர்றது?" என்று கிளம்பிவிட்டான்.

எங்கள் தொழிலில் அது எழுதாத சட்டம். யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். நான் புதிதாக எதையும் செய்துவிடவில்லை.

விழா நன்றாக நடந்தது. அன்று மாலை மெர்வுக்கு முதலில் உதடு மரத்தது, பிறகு கை, பிறகு மூச்சு. மகள் குறைவாகத் தின்றதால் பிழைத்தாள். எனக்கும் வருத்தம்தான். ஆனாலும் அந்த வெள்ளிக்கிழமையைத் திருப்பிக் கொடுத்தால், அதையேதான் செய்வேன்.

அவர் என்னிடம் வந்தாரா என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். வந்தார். விழா அன்று காலை, நான் அலுவலகத்தில் இருந்தபோது, கையில் வாளியோடு.

"என்ன தலைவி, மக வந்திருக்கா. பாறைப் பக்கம் போலாமா? உங்க விழாவுல வரிசையில நின்னா எனக்குத் தாடி முளைச்சிடும்."

"என்னை ஏன் கேக்குறே மெர்வ்? தளத்துல தேடிப் பாரு."

கண்ணாடி கொண்டுவரவில்லை என்றார். என் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தேன். திரையை அவர் பக்கம் திருப்பி, பாறைச் சிப்பி என்று நானே தட்டினேன். போன வருடப் பக்கம் வந்தது. பறிக்கலாம் என்றிருந்தது.

நான் வாயே திறக்கவில்லை, இன்ஸ்பெக்டர். படித்தது அவர்தான்.