தம்பி, பல்லு

இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நோயாளியைக்கூட நான் பத்து நிமிடத்துக்கு மேல் காக்க வைத்ததில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் சார். காரியம் நேரத்துக்கு நடக்க வேண்டும், யாரும் வீணாக வலியில் உட்கார்ந்திருக்கக் கூடாது. என் சுபாவம் அது.

டாக்டர் என் தம்பி. என்னைவிடப் பதினோரு வயது சின்னவன். கிளினிக் திறந்தபோது ஓர் உதவியாளரைத் தேடப்போவதாகச் சொன்னான். நான் அப்போது சட்டை தைக்கும் கம்பெனியில் காலர் பிரிவுக்கு மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாளே வேலையை விட்டுவிட்டு அவன் முன்னால் போய் நின்றேன். சந்தோஷத்தில் அவனுக்குப் பேச்சே வரவில்லை. அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்: காதுக்குக் கீழே, தாடை திரும்புகிற இடத்தில், கோலிக்குண்டு அளவுக்குச் சதை எழுந்து இறங்கியது.

தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர்கள் உண்டு. அதற்கு இரவில் மாட்டிக்கொள்ள ஓர் உறை செய்து கொடுத்தால் போதும். என் தம்பிக்கு இருந்தது பகல் வியாதி. விழித்துக்கொண்டே கடிப்பது. கடிக்கிறோம் என்று கடிப்பவருக்கே தெரியாது. முகக்கவசம் மூக்கையும் வாயையும் மறைக்கும், காதடியை மறைக்காது. கருவியை எடுத்துக் கொடுக்கும் ஆள் நிற்பது அந்தப் பக்கம்தான். எனக்குச் சத்தமும் கேட்கும். ஈரக் கூழாங்கற்களைத் துணிப்பையில் போட்டு உருட்டுவதுபோல இருக்கும்.

அவன் பற்கள் தேய்ந்து வந்தன. சிரித்தால் முன்பல் வரிசை அளவுகோல் வைத்து வெட்டினதுபோல் தெரியும். பல் டாக்டருக்கே இப்படி என்றால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? நான் கவலைப்பட்டேன். கவலைப்பட அவனுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? மனைவி இருக்கிறாள்தான்.

எங்கள் சுவரில் ஓர் அறிவிப்பு மாட்டியிருக்கிறோம். "உதடுகள் சேர்ந்திருக்கட்டும், பற்கள் பிரிந்திருக்கட்டும்." பகலில் கடிப்பவர்களுக்கு அடிக்கடி ஞாபகப்படுத்துவதே சிகிச்சை. நான் ஞாபகப்படுத்தினேன். ஒரு நாளைக்கு நாற்பது தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"தம்பி, பல்லு."

நாற்காலியில் சாய்ந்திருந்த பள்ளி பஸ் டிரைவர் வாயை இன்னும் அகலமாகத் திறந்தார்.

"உங்களைச் சொல்லலை. அவனைச் சொன்னேன்."

"அக்கா, பேஷன்ட் முன்னாடி தம்பின்னு கூப்பிடாதேன்னு எத்தனை தடவை சொல்றது?"

"சரிங்க டாக்டர். பல்லு."

டிரைவர் எழுந்து வாயைக் கொப்பளித்துத் துப்பினார். "எங்க வீட்லயும் ஒரு அக்கா இருக்காங்க டாக்டர். அதுக்குத்தான் நான் பஸ் ஓட்டப் போனேன். பின்னாடி அறுபது பிள்ளைங்க கத்துதுங்க, நிம்மதியா இருக்கு."

தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். நான் அவனைப் பார்த்தேன். சிரிப்பு நின்றது, கோலிக்குண்டு எழுந்தது. காரணம் அந்த டிரைவர்தான் என்று நோட்டில் குறித்துக்கொண்டேன்.

ஆமாம், நோட்டுப் போட்டிருந்தேன். எந்த நோயாளி, எத்தனை மணி, எத்தனை கடி. ஆறு மாதம் எழுதியதில் ஒன்று தெளிவானது. ஒரே ஒரு நோயாளியிடம்கூட அவன் கடிக்காமல் இருந்ததில்லை. மௌன விரதம் இருப்பவர்போல வந்துபோகும் பாட்டு டீச்சரிடம்கூடப் பதினேழு கடி.

அவன் மனைவியிடம் விசாரித்தேன். விசாரணையில் எல்லாத் தரப்பையும் கேட்க வேண்டும், உங்களுக்குத் தெரியாததா?

"வீட்ல அவர் பல்லைக் கடிச்சு நான் பார்த்ததே இல்லையே அண்ணி" என்றாள். "போன மாசம் நீங்க காய்ச்சல்ல படுத்திருந்தீங்களே, அந்த நாலு நாளும் கிளினிக்ல இருந்து விசில் அடிச்சுக்கிட்டே வந்தார்."

நோட்டைப் புரட்டினேன். அந்த நான்கு நாள் பக்கமும் காலி, பஸ் டிரைவர் பெயர் எங்கேயும் இல்லை. என் கணக்கு சரியாக இருந்தது.

ஆகவே முதலில் டிரைவரை நிறுத்தினேன். டாக்டர் இனி பிளாட்டினம் பல் மட்டும்தான் கட்டுவார் என்று போனில் சொன்னேன். பாட்டு டீச்சருக்குக் கிளினிக் இடம் மாறிவிட்டது என்று சொல்லி வேறொரு விலாசம் கொடுத்தேன். அது ஒரு டயர் கடை. பிறகு ஒவ்வொருவராக. யாரிடமும் மரியாதைக் குறைவாகப் பேசவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் ஒரு நாளைக்கு இரண்டு பேர் என்ற அளவுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

"ஏன்க்கா யாருமே வரலை?"

"ஊர்ல எல்லாருக்கும் பல்லு நல்லா இருக்கு தம்பி. உன் கைராசி."

கடி குறையும் என்று எதிர்பார்த்தேன். கூடியது. அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் எதிரெதிரே உட்கார்ந்திருப்போம். அவன் ஜன்னலைப் பார்ப்பான், நான் அவன் தாடையைப் பார்ப்பேன். ஒரு செவ்வாய்க்கிழமை மட்டும் நூற்றுப் பன்னிரண்டு. நோயாளியே இல்லாமல். அப்போதுதான் புரிந்தது, வியாதி வெளியாட்களைத் தாண்டி உள்ளே இறங்கிவிட்டது என்று.

அந்த வாரம் அவன் சொன்னான், "அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே? நீ கொஞ்ச நாள் ரெஸ்ட் எடு. படிச்ச பொண்ணு ஒண்ணு வேலை கேட்டு வந்திருக்கு. அடுத்த திங்கள்ல இருந்து வரச் சொல்லியிருக்கேன்."

நான் கோபித்துக்கொள்ளவில்லை. வலி முற்றினால் மனிதர்கள் இப்படிச் சம்பந்தமில்லாமல் பேசுவார்கள். நாற்காலியில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்? "அந்தப் பொண்ணுக்கு உன் காதடி எந்தப் பக்கம்னு தெரியுமா?" என்று மட்டும் கேட்டேன். அவன் கடித்தான். டப் என்று ஒரு சத்தம். கீழே வலது பக்கம் ஆறாவது பல் நெட்டுவாக்கில் பிளந்துவிட்டது.

பார்த்தீர்களா? திங்கட்கிழமைவரை காத்திருந்தால் இன்னும் எத்தனை போயிருக்கும்?

பிளந்த பல்லைத் தன் கையாலேயே எடுத்துக்கொள்ள எந்த டாக்டராலும் முடியாது. கூடப் படித்த நண்பரை மறுநாள் காலை வரச் சொல்லியிருந்தான். நான் அவரைப் போனில் கூப்பிட்டு, கரண்ட் இல்லை, சாயங்காலம் வாருங்கள் என்றேன். தம்பியிடம், அவர் வந்துகொண்டிருக்கிறார், அதற்குள் மருந்தைப் போட்டுக்கொள் என்றேன். பயந்த நோயாளிகளுக்குக் கொடுப்போமே, அந்தத் தூக்க மருந்துதான். அவன் இரவெல்லாம் வலியில் துடித்திருந்தான். எதையும் கேட்காமல் விழுங்கினான்.

சம்மதப் படிவம் வாங்கினேன். அதை வாங்காமல் நான் எதையும் ஆரம்பிப்பதில்லை. அரைத் தூக்கத்தில் கையெழுத்துப் போட்டான், கையெழுத்து அவனுடையதுதான், ஒப்பிட்டுப் பாருங்கள். "எடுக்க வேண்டிய பல்லின் எண்" என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருந்தான். கட்டம் சின்னது, எல்லா எண்ணையும் எழுத இடமில்லை. "அனைத்தும்" என்று எழுதினேன்.

இதில் மறைக்க ஒன்றுமில்லை சார். கடிக்கப் பல் இருப்பதால்தானே கடிக்கிறான்? ஞாபகப்படுத்திப் பார்த்தாயிற்று, நோயாளிகளைக் குறைத்துப் பார்த்தாயிற்று. மிச்சமிருந்தது பல் மட்டும்தான்.

ஞானப்பற்கள் நான்கையும் அவன் படிக்கும்போதே எடுத்துவிட்டார்கள். ஆக இருபத்தெட்டு. மரத்துப்போகும் ஊசியை இருபத்திரண்டு வருடம் ஏற்றிக் கொடுத்தவளுக்கு அதைப் போடத் தெரியாதா? பல்லை இழுக்கக் கூடாது. இழுப்பவர்கள் கற்றுக்குட்டிகள். உள்ளே அழுத்தி, இப்படியும் அப்படியும் மெல்ல ஆட்டி, எலும்பு தானாக விடும்வரை பொறுக்க வேண்டும். எனக்குப் பொறுமை உண்டு. ஆரம்பித்தது ஒன்பதே முக்காலுக்கு. முதலில் பிளந்த ஆறாம் பல், பிறகு வரிசையாக. ஒவ்வொன்றையும் கழுவித் தட்டில் வாயில் இருந்த அதே ஒழுங்கில் வைத்தேன். இடையில் டீ குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை.

பத்தொன்பதாவதை எடுக்கும்போது கண்ணைத் திறந்தான். என்னைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"வாயைத் திறந்து வை தம்பி. முடியப்போகுது."

மூடினால் பிடிக்க நான் தயாராக இருந்தேன். தேவைப்படவில்லை. சின்ன வயதில் நான் தலைவாரும்போது இருப்பதுபோல, கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் இருந்தான்.

அந்த நண்பர் சொன்ன நேரத்துக்கு வரவில்லை. இரண்டு மணிக்கே வந்துவிட்டார். தட்டைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார். உங்களைக் கூப்பிட்டது அவர்தான். பல்லைப் பார்த்து மயங்கும் பல் டாக்டரிடம் நீங்கள் யாரும் வைத்தியத்துக்குப் போகாதீர்கள். நான் அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, தம்பி வாயில் பஞ்சை மாற்றி, சூடாக எதுவும் குடிக்கக் கூடாது, ஸ்ட்ரா கூடவே கூடாது என்று எல்லோருக்கும் சொல்வதை அவனுக்கும் சொன்னேன்.

இருபத்தெட்டில் இருபத்தேழு நல்ல பற்கள் என்கிறீர்கள். நல்ல பல்தான். நான்தான் எடுத்தேன். யாரும் தூண்டவில்லை, யாரும் உதவவில்லை. இதற்குக் கீழே எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

நேற்று உங்கள் பெண் காவலரோடு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். அவன் மனைவி என்னைக் கண்டதும் வெளியே போய்விட்டாள். அவன் படுத்திருந்தான், முகம் வீங்கி, ஆனால் அமைதியாக. நான் கட்டில் பக்கம் போனேன். கோலிக்குண்டு எழுந்தது. குனிந்து கேட்டேன். சத்தமே இல்லை சார். ஈறும் ஈறும்தான். இருபத்திரண்டு வருடத்தில் முதன்முறையாகச் சத்தமே இல்லை.

நான் வெளியே வந்த பிறகு அது இறங்கிவிட்டதாம், உங்கள் காவலர் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துச் சொன்னார். மறுபடி உள்ளே எட்டிப் பார்த்தேன், மறுபடி எழுந்தது. அப்போதுதான் கவனித்தேன், பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர், காலில் கட்டுப் போட்டுக்கொண்டு, வைத்த கண் வாங்காமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரை வேறு வார்டுக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் மாற்றாவிட்டால், நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.