காவல் கோழி

கோழிகளுக்கும் முகஜாடை உண்டு. பழகாதவர்களுக்கு எல்லாம் ஒன்றுபோல் தெரியும். டாக்டரம்மாவுக்கே தெரியாது, அவ்வளவு படித்தவர். கோழியின் காலில் மாட்டிய வளையத்தைத்தான் அவர் பார்ப்பார்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் டாக்டரம்மா பறவைக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி தயாரிக்கிறார். கோழிக் கொட்டகை என் பொறுப்பு. ஊசி போட்ட கோழிகளுக்குக் கிருமியைக் கொடுத்து, ஊசி போடாத இரண்டைக் கூடவே விடுவார்கள். அவற்றுக்குக் காவல் கோழி என்று பெயர். அவை செத்தால், ஊசி போட்டவை தாங்கள் தப்பித்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவர்களுக்கு நோயைக் கொடுக்கின்றன என்று அர்த்தம். மனுஷர்களில் இல்லாததா.

காவல் கோழியில் ஒன்று செத்தது. டாக்டரம்மா ஏற்கெனவே இப்படித் தோற்ற இரண்டு மருந்தைத் தூக்கிப் போட்டவர். கல்யாணத்தைக்கூடத் தள்ளிப் போட்டிருந்தார். எனக்கு இளகிய மனசு. என் வீட்டு வெள்ளைக்கோழி ஒன்றைப் பையில் கொண்டுவந்து, செத்ததன் வளையத்தை அதற்கு மாட்டிவிட்டேன். வாசல் காவலர் பையைத் திறக்கமாட்டார். என்னிடம் வாய் கொடுத்தால் மத்தியானம்வரை விடமாட்டேன் என்று பயம்.

"எல்லாம் நல்லா இருக்கா அக்கா?"

"உங்க மருந்து தங்கம்தாம்மா."

கவச உடையோடு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

செத்ததை எரிக்க வேண்டும். எரிக்கிறவர் வாயில் எதுவும் நிற்காது. எனக்கு அந்த மாதிரி ஆட்களைக் கண்டாலே ஆகாது. அதனால் வீட்டுக்கு எடுத்துப் போனேன். பக்கத்து வீட்டில் என் ஓரகத்தி, மூத்தவர் பெண்டாட்டி. கோழிப்பீ அள்ளுகிறவள் என்று சொந்தபந்தம் முழுக்க என்னைச் சொல்லிவைத்தவள். என் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டாள்.

"நீயாடி எனக்குத் தர்றே? இன்னிக்கு மழைதான்."

"வீட்டுக் கோழிக்கா. இப்பத்தான் அறுத்தேன். நீங்களே சுத்தம் பண்ணிக்குங்க, என் கை உங்களுக்கு ஆகாதே."

உட்கார்ந்து இறகு பிடுங்கி, குடலை வழித்து, மூக்கை அதே கையால் துடைத்துக்கொண்டாள். நான் மதில்மேல் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாக வேகவைத்தால் கிருமி செத்துவிடும் என்று டாக்டரம்மாவே சொல்லியிருக்கிறார். சுத்தம் செய்கிறவளுக்கு என்ன ஆகும் என்று நான் கேட்டதில்லை. எனக்கு எதற்குக் கையுறையும் முகமூடியும் கொடுத்தார்கள் என்பது மட்டும் தெரியும்.

அவளுக்கு இருமல் தொடங்கிய வாரம் இரண்டாவது காவல் கோழியும் செத்தது. அதன் இடத்திலும் என் வீட்டுக் கோழி ஒன்றை விட்டுவிட்டு, அவள் உடம்பு தேறட்டும் என்று செத்ததைக் கொடுத்தேன். அவள் சாவு வீட்டில் என்னைவிடச் சத்தமாக அழுதவர் யாருமில்லை, விசாரித்துப் பாருங்கள்.

டாக்டரம்மாவிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள் இன்ஸ்பெக்டர் ஐயா. மருந்து பண்ணைகளுக்குப் போக ஆரம்பித்துவிட்டது, பாவம், இப்போதுதான் வாய்விட்டுச் சிரிக்கிறார்.

சுற்றி வளைக்காதே, தெரிந்துதான் கொடுத்தாயா என்கிறீர்கள். தெரியாமல் இருந்தால் நானே ஆக்கித் தின்றிருப்பேனே.