சாடோ தீவுக்கு மூன்றாவது விமானம்

— வானம் ஆணவக்காரனுக்கு ஒருநாளும் வழிவிடாது, ஃபுசாயே. அடக்கமும் ஒழுங்கும் உள்ள கைக்குத்தான் அது வசப்படும். முப்பத்தெட்டு வருஷம் ரயில் ஓட்டின இந்தத் தோகாஷியோட கைக்கு.

— அந்தக் கைதானே இப்ப கம்ப்யூட்டர் திரையில எங்க ஊர் ஏரிக்குள்ள ஒரு விமானத்தை முக்கிச்சு? தேநீர் ஆறுது, குடிங்க.

— அது ட்வின் ஆட்டர். முரட்டுக் கழுதை. வேக விசையைக் கொஞ்சம் பின்னால இழுத்தா, ரெண்டு விசிறியும் காத்துக்குக் குறுக்கே பலகை வெச்ச மாதிரி தடுக்குது. தொப்புன்னு கீழ.

— அதுக்கு முந்தினது வயலுக்குள்ள போச்சே?

— கேரவான். ஒத்தை இன்ஜின். வேகம் குடுத்தா மூக்கு இடப்பக்கம் இழுக்கும், வலது காலால மிதிச்சுத் திருத்தணும். ரயில்ல காலால மிதிச்சா ஊதல்தான் வரும்.

— ஆமா ஆமா. பேச்சு ஞாபகம் இருக்கட்டும். மூணு விமானம், மூணு தடவை. ஒண்ணாவது சாடோவுல சேதமில்லாம இறங்கலைன்னா இந்தப் பொட்டியெல்லாம் அலமாரிக்குள்ள. திங்கக்கிழமைல இருந்து இது எங்க ஊர் ஒகேசா நாட்டுப்புற ஆட்டக்குழுவோட ரூம்.

— ஏழு பொம்பளைங்க இங்க ஆடினா கீழ்வீட்டுக் கூரை தாங்குமா?

— உங்க விமானங்க விழுந்ததுக்கே தாங்கிச்சு. கிளம்புங்க.

— மூணாவது, கிங் ஏர். இடது இன்ஜின், சரி! வலது இன்ஜின், சரி!

— வீட்டுக்குள்ள எதுக்கு விரலை நீட்டி நீட்டிக் கத்துறீங்க?

— ரயில்ல விரல் நீட்டிச் சொல்லாம எந்த வண்டியும் கிளம்பக் கூடாது. பார், விசையைத் தள்ளினா ரெண்டு மூச்சு கழிச்சுத்தான் பலம் வருது. அப்புறம்... பார்த்தியா! கழுதையில இருந்து குதிரைக்கு மாறின மாதிரி.

— அம்மாடி. கிளம்பின நீகாத்தா ஊர் அதுக்குள்ள இவ்வளவு சின்னதா ஆயிடுச்சா?

— சக்கரம் உள்ள போயிடுச்சு, சரி! கடல், சரி!

— கடலையெல்லாம் எதுக்குச் சரிபார்க்கிறீங்க... இருங்க. என்னங்க, அந்த மலை! உச்சியில பனி. பங்குனி வெயில்ல அது அப்படித்தான் மினுங்கும். எங்க வீட்டுக் கொல்லையில நின்னு பார்த்த மலை!

— இன்னும் கொஞ்சம் இறங்கறேன்.

— ஏரி! காமோ ஏரி! அதோ சிப்பித் தெப்பங்க, வரிசை வரிசையா. இவ்வளவு பெரிசாவா இருக்கு? பதினெட்டு வயசு வரைக்கும் அதோட கரையிலயே கிடந்தேன், ஒருநாளும் முழுசாப் பார்த்ததில்ல.

— அழறியா?

— இல்ல. பேசாம ஓட்டுங்க. மெதுவா ஓட்டுங்க.

— மெதுவா எங்க? விசையைக் குறைச்சும் மிதந்துக்கிட்டே போகுதே! மத்த ரெண்டும் காத்துல கல்லு மாதிரி, இது பட்டுத்துணி. இப்படி வழுக்கற விமானத்தை நான் பார்த்ததே இல்ல.

— என்னமோ விடாம அலறுதே?

— ஊர் வந்தாச்சுன்னு சொல்ற மணியா இருக்கும். நம்ம ஸ்டேஷன்ல பாட்டு போடற மாதிரி. ஓடுபாதை, சரி! நடுக்கோடு, சரி!

— என்னங்க, குட்டை ரோடா இருக்கு!

— எண்ணூத்திச் சொச்சம் மீட்டர்தான். தொட்டாச்சு... நின்னாச்சு! பாதியில நின்னாச்சு! பிரேக்கைத் தொடவே இல்ல, ஃபுசாயே!

— நெஜமாவே எங்க ஊர்ல இறங்கிட்டீங்க. இத்தனை வருஷம் உங்களைப் பொட்டி முன்னாடி உட்கார்ந்த பொம்மைன்னு நினைச்சேன். போகட்டும், ரூமை நீங்களே வெச்சுக்குங்க. மனசார சொல்றேன்.

— அந்த மூணுல எது நல்ல விமானம்னு இப்பத் தெரிஞ்சுதா?

— தெரிஞ்சுது. ஆனா ஏன் தரையோட ஒட்டிக்கிட்டு நிக்குது? விசிறியெல்லாம் முருங்கைக்காய் மாதிரி வளைஞ்சிருக்கு?

— அப்ப அந்த அலறல் ஊர் மணி இல்ல... சக்கரம்!

— என்னங்க?

— ரயில்ல சக்கரம் எப்பவும் கீழயேதான் இருக்கும். நான் இறக்கவே இல்ல.