பயோடெக்னோலஜி படிச்ச பிள்ளை

இல்லை அகஸ்ரீனாக்கா, டொக்டர் இல்லை. எல்லாரும் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டிருக்கினம். நீங்கள் உங்காலை யன்னல் பக்கம் தள்ளி இருங்கோ, நான் இதிலை இருக்கிறன். காலமை பஸ்ஸிலை இருக்க இடம் கிடைச்சதே பெரிய காரியம். நானோ? ஒரு அலுவலாத்தான் வந்தனான், பேந்து சொல்லுறன். ஓம், மகள் படிச்சு முடிச்சிட்டாள். சிவமலர்தான், மூத்தவள். நீங்கள் அவளைக் கண்டு கனகாலம், அப்ப ரெட்டைப் பின்னலோடை திரிஞ்சவள். அவள் படிச்சது பயோடெக்னோலஜி.

சிரியுங்கோ, சிரியுங்கோ. அந்தப் பேரைச் சரியாச் சொல்ல எனக்கே ஒரு வருசம் எடுத்தது. எங்கடை மனுசனுக்கு இண்டைக்கும் வாய்க்குள்ளை நுழையாது. பெரிய படிப்பு எண்டு மட்டும் சொல்லுவார்.

அது என்ன படிப்போ? நானும் உப்பிடித்தான் அவளைக் கேட்டனான். கண்ணுக்குத் தெரியாத கிருமியள் இருக்கெல்லோ அம்மா, அதுகளைக்கொண்டு மருந்து செய்விக்கலாம், பயிருக்கு நோய் வராமல் பண்ணலாம் எண்டவள். கிருமியையும் வேலைக்கு விடப்போறியளோ எண்டு கேட்டன். கிட்டத்தட்ட அப்பிடித்தானம்மா எண்டு சொல்லி விழுந்து விழுந்து சிரிச்சவள். அப்ப நல்லாச் சிரிப்பாள் அக்கா.

அந்தச் செம்மறியாட்டுக் கதை ரீவியிலை வந்ததெல்லோ, ஒரு ஆட்டிலையிருந்து அச்சா அதே மாதிரி இன்னொரு ஆட்டை உண்டாக்கினவங்களெண்டு? அண்டைக்கு இவர் வேலையாலை வந்து உடுப்பும் மாத்தேல்லை. ரீவிக்கு முன்னாலை நிண்டுகொண்டு, பாத்தியே, உதைத்தான் எங்கடை பிள்ளை படிக்கிறாள் எண்டார். அடுத்த நாள் இந்தப் பலேர்மோவிலை, பிரான்காச்சோப் பக்கம் இருக்கிற எங்கடை சனம் முழுக்க அறிஞ்சிட்டுது. கடையிலை ஒராள் என்னை மறிச்சுக் கேக்குது, உங்கடை மகள் ஆடு செய்யிறாளாமே எண்டு. எனக்கு அப்ப அதுவும் பெருமையாத்தான் இருந்தது. ஓமெண்டு சொல்லிப்போட்டு வந்தனான்.

இஞ்சை இல்லை, இத்தாலியின்ரை வடக்கை போய்ப் படிச்சவள். ரீச்சர்மார்தான் சொன்னவை, இனி வரப்போற காலமே உதுதான், வேலை வீடு தேடி வருமெண்டு. நாங்களும் நம்பினம். ஏன் நம்பமாட்டம்? படிச்ச சனம் சொல்லுது. இவர் ரெஸ்ரோரன்ரிலை கோப்பை கழுவ, நான் மாடிவீட்டுப் படியெல்லாம் கூட்டித் துடைக்க, அவளும் பின்னேரத்திலை குழந்தைப்பிள்ளையள் பாத்து ஒருமாதிரி முடிச்சாள்.

முடிச்ச அண்டைக்குத் தலையிலை இலைமாலை வைச்சு, தொத்தொரெஸ்ஸா தொத்தொரெஸ்ஸா எண்டு கூப்பிட்டவை. பல்கலைக்கழகம் முடிச்ச ஆரையும் இந்த நாட்டிலை அப்பிடித்தானாம் கூப்பிடுறது. எங்கடை ஆக்களுக்கு அது எங்கை விளங்கப்போகுது, டொக்டரெண்டு நினைச்சிட்டினம். பக்கத்து வீட்டுச் சூசையம்மா முழங்காலைக் கொண்டுவந்து காட்டிறா. பிள்ளையும் பாவம், மனிசியை ஏமாத்த மனமில்லாமல் பிடிச்சுப் பாத்திட்டு, நல்லெண்ணெய் பூசுங்கோ மாமி எண்டாள்.

பிறகென்ன, வேலை வீடு தேடி வரேல்லை. இவள்தான் தேடித் திரிஞ்சாள். பலேர்மோவிலை உந்தப் படிப்புக்கு ஆர் வேலை வைச்சிருக்கிறாங்கள்? அரசாங்க இடமெண்டாச் சோதனை எழுதோணும், அதுக்கு இத்தாலிப் பிரசையா இருக்கோணும். படிப்பிக்கேக்கை ஒருத்தரும் அதைக் கேக்கேல்லை அக்கா. படிச்சு முடிச்ச பிறகுதான் கேக்கினம், நீ ஆரெண்டு.

அவள் படிச்ச இடத்திலை ஒரு புரொபெசர் இரக்கப்பட்டுத் தன்ரை ஆய்வுகூடத்திலை நிக்க விட்டவர். சம்பளமில்லை. அனுபவமாம். ஞாயிற்றுக்கிழமையும் போவாள். ஏனடி, இண்டைக்கெண்டாலும் படுத்தெழும்பன் எண்டு ரெலிபோனிலை பேசினா, இல்லையம்மா, கண்ணாடிக் கிண்ணத்துக்குள்ளை வளர்க்கிறதுகளுக்குச் சாப்பாடு மாத்தோணும், இல்லாட்டிச் செத்துப்போம் எண்டுவாள். உனக்கு ஆரடி சாப்பாடு தாறது எண்டு கேட்டுப்போட்டன். நேரமாச்சு அம்மா எண்டு சொல்லி ரெலிபோனை வைச்சிட்டாள்.

தேடாமல் விட்டவளோ? மிலானோப் பக்கம் ஒரு கொம்பனி கூப்பிட்டது. பிடிச்சும் போச்சாம். முதல் இந்த நாட்டிலை இருக்கிறதுக்கான பெர்மிட்டை, பெர்மெஸ்ஸோவைக் கொண்டா, வேலை தாறம் எண்டிச்சினம். அதைக் குடுக்கிற பொலிஸ் கந்தோருக்கு, குவெஸ்தூராவுக்குப் போனா, முதல் வேலையைக் கொண்டா, பெர்மெஸ்ஸோ தாறம் எண்டிச்சினம். இதுக்கிடையிலை ஓடி ஓடி அவளின்ரை சப்பாத்துத்தான் தேஞ்சது.

இல்லையக்கா, எங்கடை பேரிலை இப்ப ஏலாது. பதினெட்டு வயசு மட்டும் எங்களோடை சேத்துத் தந்தவங்கள், பிறகு படிக்கிற பிள்ளையெண்டு தந்தவங்கள். இப்ப படிப்பு முடிஞ்சுது, வாற மாதத்தோடை அதுவும் முடியுது. ஊருக்கு அனுப்பிறதோ? ஆரிட்டை? ஊரிலை எங்கடை வீடு இருந்த இடத்திலை ஆமி இருக்கிறான். அவள் பாற்பல்லு விழ முதல் இஞ்சை வந்தவள். தமிழிலை ஒரு கடிதம் எழுத அரைநாள் வேணும் அவளுக்கு.

வக்கீலிட்டைக் கேட்டனாங்கள். என்ன வேலையெண்டாலும் பரவாயில்லை, எழுத்திலை இருந்தாக் காணுமெண்டார். ஆரும் ஒரு வீட்டுக்கார மனுசி, ஒரு சிஞ்ஞோரா, வீட்டுவேலைக்கெண்டு கையெழுத்து வைச்சுத் தந்தாலும் சரியாம். கேட்டியளே கதையை? மருந்து செய்யிற படிப்புப் படிச்ச பிள்ளை, குசினி துடைக்கிறன் எண்டு எழுதிக்குடுத்தாத்தான் இந்த நாட்டிலை இருக்கலாம்.

என்ரை சிஞ்ஞோரா கையெழுத்து வைக்கமாட்டா. எனக்கே வைக்கேல்லை. அவவின்ரை தங்கச்சியிட்டைப் போனன். நான் ஒரு விசரி, பிள்ளையின்ரை படிப்பை முதல் சொல்லிப்போட்டன். நல்ல மனுசி, இருக்கவைச்சுக் கோப்பி ஊத்தித் தந்தா. தந்திட்டுச் சொல்லுறா, என்ரை மகன் படிப்பைக் குழப்பிப்போட்டு நிக்கிறான், ஒரு தொத்தொரெஸ்ஸாவைக்கொண்டு நான் கக்கூஸ் கழுவுவிக்கிறதோ, எனக்கு வெக்கமாக் கிடக்கெண்டு. அவவுக்கு வெக்கம். அவவின்ரை வெக்கத்தை வைச்சு நாங்கள் என்ன செய்யிறது?

சரி, அதை விடுங்கோ. நீங்கள் கனடாவுக்குப் போறியளாம், மகனிட்டை. நல்லது, நல்லது, இனியெண்டாலும் ஆறுங்கோ. உங்கடை சிஞ்ஞோரா எல்லாம் ஒழுங்கா எழுதி, கையெழுத்து வைச்சுத்தான் ஆளை வைச்சிருக்கிறவவெண்டு கேள்விப்பட்டன். மெய்யே? போற ஆள்தானே அடுத்த ஆளைக் கையோடை கூட்டிக்கொண்டு போய் விடோணும், இஞ்சை அதுதானே வழக்கம். உங்கடை வாயைத்தான் அவை நம்புவினம். இந்த இடத்தைக் கேட்டுத் திரியிற றெபேக்காவுக்குச் சொல்லிப்போட்டியளோ? இல்லையே? அப்பாடா.

எனக்கில்லை அக்கா. அவளுக்குத்தான்.

ஓம், புத்தியோடைதான் கேக்கிறன். அப்பிடிப் பாக்காதேங்கோ. நானாக் கேக்கேல்லை, அவள்தான் கேக்கச் சொன்னவள். அழுதுகொண்டும் சொல்லேல்லை. சோத்தைப் பிசைஞ்சுகொண்டிருந்தவள், அம்மா, அகஸ்ரீனா மாமியின்ரை இடம் காலியாகுதாம், ஒருக்காக் கேட்டுப்பாருங்கோ எண்டாள். இவர் எழும்பி வெளியிலை போட்டார். நான் சோறு போட்டன். வேறை என்ன செய்ய?

கொஞ்சக் காலத்துக்கோ? அப்பிடித்தான் அவளும் சொல்லுறாள். நானும் இந்த நாட்டுக்கு வரேக்கை கொஞ்சக் காலத்துக்கெண்டுதானே துடைக்கத் துவங்கினனான்.

ஒண்டே ஒண்டு, படிச்சவளெண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. எட்டாம் வகுப்போடை விட்டிட்டாள் எண்டு சொல்லுங்கோ. பொய் சொல்லுறது உங்களுக்கு அந்தரமெண்டு தெரியும், நீங்கள் பூசைக்குப் போற ஆள். அந்தப் பாவம் என்ரை தலையிலை விழட்டும். அவள் வாயைத் திறந்தா இத்தாலியனிலை பேப்பர் வாசிக்கிற மாதிரிக் கதைப்பாள். அதுக்கும் பயந்து, என்னைப் போலைப் பிழை பிழையாக் கதை எண்டு சொல்லி வீட்டிலை பழக்கினனான். நல்லாப் பழகிட்டாள். எதைச் சொல்லிக்குடுத்தாலும் கெதியாப் பிடிச்சுக்கொள்ளுவாள்.

இண்டைக்கேதான் அக்கா. ஆறுதலா யோசிக்க எங்களுக்கு நாள் இல்லை. வீட்டை போகத் தேவையில்லை, உந்தா, பின்கதவடியிலை, சாம்பல் சட்டையோடை கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாளெல்லோ, அவள்தான். ஓம், வளந்திட்டாள். என்னோடை ஒண்டாத்தான் ஏறினவள். கிட்ட வரவேண்டாமெண்டு நான்தான் சொன்னனான். நான் கெஞ்சிறதைப் பிள்ளை கேக்கக்கூடாதெல்லோ.

வியா மக்வேதா வந்திட்டுது, இதிலைதானே இறங்கிறியள்? ஓமெண்டு சொல்லுறியளே? அந்த ஆண்டவர் உங்களை நல்லா வைச்சிருப்பார். இறங்கேக்கை மட்டும் அவளின்ரை கையை ஒருக்காப் பிடிச்சுவிடுங்கோ அக்கா. கண்ணாடியோடை பாத்தாப் படிச்ச முகமாத் தெரியுதெண்டு கழட்டி என்ரை பையுக்குள்ளை வைச்சிட்டன். அது இல்லாமல் அவளுக்குப் படி தெரியாது.