தாராவியில் வாள் தாழ்த்திய ஸ்பெயின்

அவைக்கு அணியாய் அமர்ந்திருக்கும் தலைவர் ரஞ்சனா அம்மையார் அவர்களே! முன்வரிசையை முகமலர்ச்சியால் நிறைத்திருக்கும் பெரியோர்களே! விக்ரோலியிலிருந்தும் வாஷியிலிருந்தும் லோக்கல் ரயிலில் நெருக்குண்டு வந்தும் நெஞ்சம் வாடாத தாய்மார்களே! தமிழை எழுத்துக் கூட்டிப் படித்தாலும் காது கொடுத்துக் கேட்க வந்திருக்கும் இளையோர்களே! செம்பூரின் இந்த இனிய மாலையில் உங்கள் கேஷவின் கனிந்த வணக்கம்.

ஸ்பானியப் பேரரசு பிறந்து வளர்ந்த கதையைப் பேசச் சொன்னார்கள். எப்படிப் பிறந்தது? காஸ்டீல் இளவரசி இசபெல்லா, அரகோன் இளவரசன் ஃபெர்டினாண்டை மணந்தாள். இரண்டு முடிகள் இணைந்தன. கிரனாடா வீழ்ந்தது. அதே ஆண்டு இந்தியாவைத் தேடிக் கொலம்பஸ் கடலேறினார். நம்மைத் தேடிப் புறப்பட்டவர் நம்மைத் தவிர மற்றதெல்லாம் கண்டார்! சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். அந்தத் தீவு மக்களுக்குத்தான் சிரிப்பு மிஞ்சவில்லை. தீவுகள் விழுந்தன. மெக்சிகோ விழுந்தது. பெரு விழுந்தது. பொன் போயிற்று, வெள்ளி போயிற்று, அவற்றைத் தோண்டிய மக்களும் மண்ணோடு போயினர்.

என்ன தம்பி? பெரு எப்படி விழுந்தது என்றா கேட்கிறீர்கள்? அதை நான் தாராவியில் பார்த்தேன், ஐயா! பார்த்தது மட்டுமா? அந்தப் பாவத்தில் பங்கெடுத்த பாதிரியே நான்தான்!

எண்பதுகளின் தொடக்கம். மாட்டுங்காவில் என் அலுவலக நண்பர் ஜகந்நாதன், தாராவி தேவாலயத் திருவிழாவுக்காகப் பெரு நாட்டின் கதையை நாடகமாக எழுதினார். இன்கா அரசன் அத்தாவால்பாவாக நடித்தவர் தாராவித் தோல் கிடங்கில் வேலை பார்த்த அபுதாஹிர். அடடா, அந்தக் கம்பீரம்! படைத்தலைவன் பிசாரோவாக மிக்கேல்ராஜ், பெயின்டர். தகர வாளைத் தானே அடித்துச் செய்துகொண்டார்.

வரலாறு சொல்வது இதுதான். பாதிரியார் அரசனிடம் வேத புத்தகத்தை நீட்டுகிறார். அரசனுக்கு அந்த எழுத்தும் தெரியாது, அந்த மொழியும் தெரியாது. புத்தகத்தைக் கீழே எறிகிறான். அதையே சாக்காக வைத்துப் பீரங்கி முழங்குகிறது, ஆயிரமாயிரம் பேர் மடிகிறார்கள்.

ஒத்திகையில் அபுதாஹிர் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"நான் எறிய மாட்டேன், சார். முன்னால உக்காரப் போறது பூரா வேதக்காரங்க. ஒரு துலுக்கன் பைபிள எறிஞ்சான்னு நாளைக்குத் தெருவுல ரகளை ஆயிரும்."

"சரித்திரத்தை மாத்தப்படாது ஓய்!" என்றார் ஜகந்நாதன்.

மிக்கேல்ராஜ் அபுதாஹிரின் தோளில் கைபோட்டார். "எறியும்வே. ஒமக்கு ஒண்ணுன்னா மொதல்ல நான் நிப்பேன்லா?"

நாடக நாள் வந்தது. பந்தல் கொள்ளாத கூட்டம். மேடையில் பாதிரி வேடத்தில் நான் புத்தகத்தை நீட்டினேன். அபுதாஹிர் அதைக் காதில் வைத்துக் கேட்டார். எறிந்தார்.

பந்தல் கொதித்தது! "ஏலே, எறக்குங்கலே அவன!" என்று இளைஞர்கள் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்கள். திட்டப்படி வாளை உயர்த்திய மிக்கேல்ராஜ் திகைத்துப்போய் அப்படியே நின்றார். வாள் உயர்ந்தபடியே இருந்தது.

அப்போது பெண்கள் பகுதியிலிருந்து ஒருவர் எழுந்தார். மிக்கேல்ராஜின் மனைவி சவரியம்மாள். ஒத்திகைப் பக்கமே வராதவர். மேடையேறினார். புத்தகத்தை எடுத்தார். முத்தமிட்டார். எழுந்து நின்ற இளைஞர்களைப் பார்க்கவில்லை. ஒதுங்கி நின்ற அரசனைப் பார்க்கவில்லை. வாளேந்தி நின்ற கணவனைப் பார்த்துக் கேட்டார்:

"ஏங்க, வேதம் கீழ விழுந்ததுக்கா இத்தன சனத்தையும் வெட்டப் போறீய? தங்கத்துக்கு வந்தவிய, தங்கம் வேணும்னு சொல்லிட்டு வெட்டுங்க. என் சாமி பேரச் சொல்லி வெட்டாதீய!"

என்ன கேள்வி, ஐயா! என்ன கேள்வி! ஸ்பெயின் அரண்மனையில் எத்தனை பேர் இப்படிக் கேட்டார்கள்? கேட்ட ஓரிரு துறவிகளின் குரலைக் கடலிரைச்சல் விழுங்கவில்லையா?

மிக்கேல்ராஜின் வாள் மெல்லத் தாழ்ந்தது. எழுந்த இளைஞர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். எங்கோ ஒரு கை தட்டியது, பிறகு பந்தலே தட்டியது. திரைக்குப் பின்னால் ஜகந்நாதன் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "திரையை விடுங்கோ. இதுக்கப்புறம் நான் எழுதினது எதுவும் நிக்காது" என்றார்.

அந்தப் பந்தல் இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடி நிற்கிறது. மிக்கேல்ராஜ் இல்லை, சவரியம்மாளும் சென்ற ஆண்டு மறைந்தார். ஆனால் அன்பர்களே, மதத்தின் பெயரைச் சொல்லி யார் எங்கே வாளெடுத்தாலும் அந்தக் குரல் என் காதில் ஒலிக்கிறது. பேரரசுகள் பீரங்கியால் மட்டுமா வளர்ந்தன? கேட்க வேண்டியவர்கள் கேட்காமல் இருந்ததாலும் வளர்ந்தன! முந்நூறு ஆண்டுகள் அமெரிக்க மண்ணில் அசையாமல் நின்ற ஸ்பெயின், தாராவியில் ஒரு மாலை, ஒரு பெண்ணின் கேள்விக்கு முன்னால் தலைகுனிந்தது. என் கண்ணால் கண்டேன்!

பொறுமையோடு செவிமடுத்த உங்கள் பெருந்தன்மைக்கு என் நெஞ்சார்ந்த நன்றி. வாழிய நீவிர்! வணக்கம்!